பதினாறுக்குப் பிறகு

சைமன்ஸ்டவுன், 1832

தண்ணீர் பிடிக்கத் துறையில் நிற்கிறது கப்பல்.
உள்ளே நூற்றுச் சொச்சம் பெண்கள், அயர்லாந்துக்காரிகள்.
அத்தனை பேரும் திருடிகள் என்றான் படகோட்டி,
சொல்லிவிட்டு
என் கூடையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அழுக்கெடுக்க ஏணியில் ஏறினேன்.
வைத்தியருக்கும் அதிகாரிகளுக்கும்
படுக்கைவிரிப்பு இருபத்துநான்கு,
சட்டை ஒன்பது,
கறைத்துண்டுகள் தனி மூட்டை.

மேல்தளத்தில் ஒருத்தி.
செம்பட்டை முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.
மடியில் கோணிச்சாக்கில் சுற்றிய குழந்தை,
சாக்கு உராய்ந்து கழுத்தெல்லாம் தடிப்பு.
என்ன செய்தாய் என்று புருவத்தால் கேட்டேன்.
காற்றில் ஒரு வேலி வரைந்தாள்.
வேலிமேல் ஒரு துணி,
அதிலிருந்து சொட்டும் ஈரத்தைக்கூட விரலால் சொட்டிக் காட்டினாள்.
பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு.
பிறகு ஏழு விரல்.
நெஞ்சில் தட்டி, ஒனோரா என்றாள்.
ரொசெட்டா என்றேன் நான்.
வாய்க்குப் பழகிய பொய்.

ஏழு.
ஓடைக்கரைப் புதர்களில் விரித்ததெல்லாம் அன்று
தென்கிழக்குக் காற்றில் உப்பிப் படபடத்தபோது
ஒவ்வொரு விரிப்பிலும் ஏழு வருஷம் காய்ந்துகொண்டிருந்தது.
போன மாசம் மலையிறங்கி வந்த பபூன் குரங்கு
ஒரு சட்டையைத் தூக்கிப்போய்
பாறைமேல் உட்கார்ந்து கையை நுழைத்துப் பார்த்தது.
அதற்கு யாரும் விரல் நீட்டவில்லை.
அடி எனக்கு.

தரங்கம்பாடிக் கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவளைக்
கருவாட்டு மூட்டையோடு மூட்டையாய்த் தோணியில் போட்டானே,
அவனுக்கு எத்தனை விரல்?

மெவ்ரோ லாக்னருக்கு எழுத்து தெரியும்,
என் எண்கள் தெரியாது.
வந்து முப்பது வருஷம், எண்ணுவது மட்டும் தமிழில்.
கணக்கு பிசகாததால் சவுக்கு அதை விட்டுவைத்தது.
நான் சொல்லும் ஒரு சொல்லுக்கு
சுவர்ப்பலகையில் ஒரு கோடு போடுவாள்,
முதுகை எனக்குக் காட்டியபடி.

விடியுமுன்
ஒரு விரிப்பை இடுப்பில் சுற்றினேன், பாவாடைக்கு அடியில்.
கொசுவம் மறந்திருக்கும் என்று நினைத்தேன்.
விரல்கள் தாமாக மடித்தன.
ஓரத்தைப் பல் கடித்துப் பிடித்துக்கொண்டது,
யாரும் சொல்லாமல்.

பிறகு எண்ணினேன், உரக்க.
பதினான்கு. கோடு.
பதினைந்து. கோடு.
பதினாறு. கோடு.
காத்தாயி.

சுண்ணக்கட்டி ஒரு கணம் நின்றது.
அடுப்பங்கரையில் யாரோ கூப்பிட்டது போல
நானே திரும்பிப் பார்த்தேன்.
கோடு.
பதினேழு.

இருபத்துமூன்றில் முடித்தேன்.
பலகையில் இருபத்துநான்கு.

கப்பலில், பால் கொடுக்க ஒதுங்கியவளுக்குப் பக்கத்தில்
பீப்பாய் மறைவில் நின்று அவிழ்த்தேன்.
ஒனோரா கையை இழுத்துக்கொண்டாள்.
ஏழு விரல் காட்டினாள், மீண்டும் ஏழு,
தலையை ஆட்டினாள், போ, போ.
குழந்தை சாக்குக்குள் சொறிந்தது.
அப்புறம் பறித்தாள்.
பறித்த வேகத்தில் கப்பலின் முத்திரை தைத்த ஓரத்தைக்
கடித்துக் கிழித்துக் கடலில் போட்டாள்,
மிச்சத்தை நாலாகக் கிழித்தாள்.
நாலு துண்டு எப்படி ஒரு விரிப்பாகும்?
தொழில் தெரிந்தவள். நான்தான் புதுசு.

கப்பலில் இருபத்துமூன்று என்று கத்தினான் பண்டகக்காரன்.
பலகையைப் பார் என்றாள் மெவ்ரோ.
மூன்று நாள் வந்து வந்து பலகையைப் பார்த்தான்.
கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்,
அவன் மொழியில்.
நாலாம் நாள் காற்று திரும்பியது, பாய் விரித்தார்கள்.

பலகையைத் துடை என்றாள் மெவ்ரோ.
துடைத்தேன்.
பதினாறு கோடும் ஒரே இழுப்பில் போயின.
ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு
வாசலுக்குப் போய்
நாய்க்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.